ஐயாவின் பைக், அம்மாவின் தவணை

கணவன் கடனிலிருந்து தப்ப மனைவி சட்டப்படி பிரிந்து வாழலாம் என்பது வெளிநாட்டு யோசனை. நம்மூர்ச் சட்டத்தில் அவர் வாங்கியதற்கு அவர்தான் பொறுப்பு. மனைவி ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை.

கள்ளக்குறிச்சிச் சிக்கல் வேறு. குழுக்கடன் வாங்குவதே மனைவி பெயரில்தான். பணம் ஐயாவின் பைக்குக்குப் போகும். தவணை நாளில் வாசலில் நிற்பவர் அம்மாவைத்தான் கூப்பிடுவார். 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 10ஆம் பிரிவில் பிரிந்து வாழத் தீர்ப்பு வாங்கினாலும் கட்டில்தான் பிரியும், கையெழுத்து பிரியாது. கல்வராயன் மலைக்கு ஏறினால் அந்த வழியும் அடைப்பு: மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய, அங்குள்ள மலையாளிப் பழங்குடியினருக்கு அச்சட்டமே பொருந்தாது.

ஆகவே தாய்மார்களே, வக்கீலைத் தேடுவதற்கு முன்னால், ஐயா நீட்டுகிற படிவத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.