வேலை ஈஸ்டுக்கு, பொறுமை நமக்கு!

வீட்டிலேயே பியர், சைடர், ஒயின் தயாரிக்கப் பழகும் வெளிநாட்டு வாசகர்களுக்கு இந்த இதழில் இடம். அனுமதி இல்லாத ஊர்களிலிருந்தும் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் மட்டும் உண்டு. அனுமதி நம் கையில் இல்லை.

கோவை வாசகர்: சார், எங்கள் மொட்டை மாடியில் நிறைய இடம் இருக்கிறது. நானும் பியர் காய்ச்சலாமா?

மாடியில் இடம் இருக்கிறது, சட்டத்தில் இல்லையே! 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ‘எனக்காகத்தான் காய்ச்சினேன்’ என்றாலும் விடமாட்டார்கள். மேற்கொண்டு படியுங்கள், படிப்பதற்கு மதுவிலக்கு கிடையாது.

லண்டன் வாசகர்: இங்கே மட்டும் எப்படி விட்டுவைத்தார்கள்?

உடனே விட்டுவிடவில்லை. 1880-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டுப் பியருக்கு வரி போட்டார். வீட்டில் காய்ச்சுபவருக்கும் உரிமம் தேவைப்பட்டது. 1963-இல்தான் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை ஒழித்தார். இப்போது உங்கள் வீட்டுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சலாம். ஒரு பாட்டில் விற்றாலும் கதை வேறு.

அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு முடிந்த பிறகும் வீட்டு பியருக்கு விடிவு வரவில்லை. 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் வழிவிட்டது: தனி ஆளுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு 200. அப்போதும் அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை அடம்பிடித்தன. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர். எந்த ஊராக இருந்தாலும், பாத்திரம் வாங்குவதற்கு முன் அந்த ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

டொராண்டோ வாசகி: பியர், சைடர், ஒயின். எதில் தொடங்குவது, அண்ணா?

சைடரில், தங்கச்சி. பியருக்கான பார்லியில் இருப்பது மாவுச்சத்து. அதை முளைக்க வைத்து, உலர்த்தி, உடைத்து, 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால்தான் சர்க்கரையாகும். பிறகு கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்க வைத்து, வேகமாகக் குளிரவைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. சைடருக்கான ஆப்பிளில் சர்க்கரை தயாராக இருக்கிறது. கடையில் வாங்கிய ஐந்து லிட்டர் சாறு, அதில் ஒரு பொட்டலம் ஈஸ்ட், மூடி, வாயுவை மட்டும் வெளியே விடும் ஏர்லாக். முடிந்தது.

சாற்றின் லேபிளை மட்டும் கண்ணாடி போட்டுப் படியுங்கள். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் என்று இருந்தால் வாங்காதீர்கள். ஈஸ்டைப் பெருகவிடாமல் தடுக்கவே அவற்றைச் சேர்க்கிறார்கள். பாஸ்டரைஸ் செய்த சாறு, வைட்டமின் சி சேர்த்த சாறு இரண்டும் பரவாயில்லை.

பியர்தான் வேண்டும் என்றால் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டின் வாங்குங்கள். ஊறவைக்கும் வேலையையும் ஹாப்ஸ் வேலையையும் தொழிற்சாலையே முடித்துக் கொடுத்துவிடும்.

மெல்பர்ன் வாசகர்: என்னென்ன சாமான் வேண்டும்? மனைவியிடம் பட்ஜெட் போட வேண்டும்.

உணவுக்கு உகந்த பிளாஸ்டிக்கில் மூடி போட்ட ஒரு வாளி, ஏர்லாக், சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர், வாளியிலிருந்து பாட்டிலுக்கு இறக்க சைஃபன் குழாய், பாட்டில்கள், கிருமிநீக்கி. வாளியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். மேலே நுரை பொங்க இடம் வேண்டும். பளபளக்கும் ஸ்டீல் பானைகளை முதல் மாதமே வாங்காதீர்கள். ஆர்வம் எத்தனை நாள் என்று உங்கள் மனைவிக்கும் தெரியவேண்டும் அல்லவா?

பிராம்டன் வாசகி: பாத்திரத்தை நன்றாகத் தேய்த்துத்தானே கழுவுகிறேன்? தனியாகக் கிருமிநீக்கி எதற்கு?

கழுவினால் அழுக்கு போகும், கிருமி போகாது. இரண்டும் தனித்தனி வேலைகள். முதலில் கழுவ வேண்டும், பிறகு சாறு தொடும் ஒவ்வொரு பொருளையும் கிருமிநீக்கியில் நனைக்க வேண்டும்: வாளி, மூடி, குழாய், கரண்டி எல்லாவற்றையும். அலசத் தேவையில்லாத கிருமிநீக்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. வாசனை சோப்பைத் தவிர்த்துவிடுங்கள். அதன் மிச்சம் பியரின் நுரையைக் கொன்றுவிடும். கீறல் விழுந்த பழைய வாளியும் வேண்டாம். கீறலுக்குள் கிருமி குடித்தனம் நடத்தும்.

அதே வாசகி: இட்லி மாவு தானாகவே புளிக்கிறதே, அதற்கு யார் கிருமிநீக்கி போட்டார்கள்?

நல்ல மடக்கு! இட்லி மாவைப் பெரும்பாலும் புளிக்க வைப்பவை லூகோனோஸ்டாக் முதலான லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள். அந்தக் குலத்தைச் சேர்ந்த லாக்டோபாசில்லஸ்தான் பியரைக் கெடுக்கும் முதல் வில்லன். இட்லிக்கு வரும் விருந்தாளி பியருக்குத் திருடன். மாவு பொங்கும் மேடையிலேயே பியர் வாளியைத் திறக்காதீர்கள். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்ற பியரைக் காற்றில் வரும் கிருமிகளுக்குத் திறந்துவிட்டு, வேண்டுமென்றே புளிக்க வைக்கிறார்கள். அது ஆண்டுக்கணக்கில் பழக்கும் வித்தை. முதல் வாளியில் வேண்டாம்.

பாரிஸ் வாசகர்: ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் போதாதா?

போதும், ஆல்கஹால் வரும். ருசிக்கு உத்தரவாதம் இல்லை. ரொட்டி ஈஸ்டும் ஏல் வகைப் பியரின் ஈஸ்டும் ஒரே இனம்தான், சக்கரோமைசிஸ் செரவிசியே. ஆனால் ரொட்டி ஈஸ்டைத் தேர்ந்தெடுத்தது மாவை உப்ப வைக்க. அது சரியாக அடியில் படியாது, மாவு வாசனையையும் விட்டுச் செல்லும். பியர் ஈஸ்டையோ ஒயின் ஈஸ்டையோ அதற்காகவே பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். இந்தப் பொறுக்கும் வித்தையைத் தொடங்கிவைத்தவர் எமில் கிறிஸ்டியன் ஹேன்சன். 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஒற்றை ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். அதற்கு முன் நல்ல பியர் பாதி அதிர்ஷ்டம். 1516-ஆம் ஆண்டின் பவேரிய பியர் சட்டத்தைப் பாருங்கள்: பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும் என்கிறது. ஈஸ்ட் ஓர் உயிர் என்பதே அவர்களுக்குத் தெரியாது!

சிங்கப்பூர் வாசகர்: எங்கள் வீட்டில் எப்போதும் 30 டிகிரி. ஏசி போட்டால் மின்கட்டணம் தலைக்கேறுகிறது.

பியர் தலைக்கேறுவதும் வெப்பத்தால்தான். பொதுவான ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் ஒழுங்காக இருக்கும். 30-இல் கடுமையான உயர் ஆல்கஹால்களை உற்பத்தி செய்யும். நெயில் பாலிஷ் நெடி அடிக்கும். நொதித்தலே வெப்பம் தருவதால், அறையைவிட வாளிக்குள் சில டிகிரி கூடுதல். உங்களுக்கு ஏற்றது நார்வேயின் க்வைக் ஈஸ்ட். மேற்கு நார்வேப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது. 35 டிகிரியிலும் சுத்தமாக, சுறுசுறுப்பாக வேலை செய்யும். குளிர்நாட்டு ஈஸ்ட் வெயிலை விரும்புவது உங்கள் அதிர்ஷ்டம்.

ஆஸ்லோ வாசகர்: மூன்றாம் நாளே ஏர்லாக்கில் குமிழ் நின்றுவிட்டது. ஈஸ்ட் செத்துவிட்டதா?

அஞ்சலிக் குறிப்பு எழுதாதீர்கள். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் வாயு வேறு வழியில் போயிருக்கும்; வேலை வேகமாக முடிந்திருக்கவும் கூடும். எல்லாம் முடிந்த பிறகும் வெப்பம் ஏறினால் கரைந்திருக்கும் வாயு குமிழாக வரும். குமிழ் எதற்கும் சாட்சி இல்லை. ஹைட்ரோமீட்டரைக் கேளுங்கள்.

ஈஸ்ட் போடும் முன் ஓர் அளவு, முடிவில் ஓர் அளவு. வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம். தொடக்கம் 1.050, முடிவு 1.010 என்றால் 5.25 சதவீதம். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, எதிர்பார்த்த அளவுக்கு இறங்கி அசையாமல் நின்றால் நொதித்தல் முடிந்தது.

பர்மிங்காம் வாசகி: அலமாரியில் பாட்டில் வெடித்துவிட்டது, அண்ணா! பேய் வேலையா?

சர்க்கரை வேலை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று, எடையில் ஏறத்தாழ பாதியை ஆல்கஹாலாகவும் மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றும். வாளியில் முடிய வேண்டிய வேலையை மூடிய பாட்டிலுக்குள் தொடரவிட்டால், வாயுவுக்கு வெளியேறக் கண்ணாடியை உடைப்பதுதான் ஒரே வழி. முழுதாக நொதித்த பிறகே பாட்டிலில் அடையுங்கள். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் போதும். கண்ணளவு வேண்டாம், தராசு வையுங்கள். ஷாம்பெயினில் 24 கிராம் போடுகிறார்களே என்று கேட்காதீர்கள். அந்தப் பாட்டில் ஆறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கச் செய்தது.

தொடக்கத்தில் சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலே நல்லது. அமுக்கினால் கல்லாக இருந்தால் ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள்.

விழுப்புரம் வாசகர்: வீட்டில் தயாரித்தால் கள்ளக்குறிச்சி மாதிரி ஆகாதா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். மெத்தனால் தொழிற்சாலைப் பொருள். விற்றவர்கள் கலந்தார்கள், ஈஸ்ட் கலக்கவில்லை. பழத்தின் பெக்டினிலிருந்து நொதித்தலில் வரும் மெத்தனால் மிகச் சொற்பம். கடையில் விற்கும் ஒயினிலும் அது உண்டு.

ஆனால் நொதித்ததைக் காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு விஷயம். அடுப்பில் ஆல்கஹால் ஆவி பற்றிக்கொள்ளும். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எல்லாவற்றிலும் உரிமம் இல்லாமல் வடிப்பது குற்றம். வடிப்பதைப் பற்றிக் கேட்ட மூன்று கடிதங்களும் குப்பைக்கூடையில்.

ஸ்கார்பரோவில் வாழும் யாழ்ப்பாணத்துக்காரர்: எங்கட ஊரில் பனையில் முட்டி கட்டினால் பின்னேரமே கள்ளு. இவங்கள் ஏன் ரெண்டு கிழமை எடுக்கிறாங்கள்?

பனை உங்களுக்காக முன்கூட்டியே வேலை பார்த்துவிட்டது, அண்ணை. பாளையிலிருந்து வடிவது நேரடிச் சர்க்கரைச் சாறு. காட்டு ஈஸ்டும் பாக்டீரியாவும் முட்டியிலேயே காத்திருக்கும், வெயில் கைகொடுக்கும். ஆனால் கள்ளு நிற்காது. மறுநாளே புளித்து, காடியாகும் வழியில் போகும். பியரைக் கொதிக்க வைப்பதும் ஹாப்ஸ் போடுவதும் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கத்தான். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் கிருமிக்கு அந்தக் காரம் ஆகாது. கிடைப்பது கருப்பநீர், எங்கள் பக்கம் பதநீர். கிருமியை அடக்கும் வேதியியலைப் பனையேறிகள் ஆய்வகம் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

சிட்னி வாசகி: திராட்சையை மிதித்து ஒயின் செய்யலாமா? காலில் மிதிப்பது கட்டாயமா?

கட்டாயமில்லை, கையால் பிசைந்தாலும் திராட்சைக்குக் கோபம் வராது. சிவப்பு ஒயினுக்குத் தோலோடு நொதிக்க வையுங்கள். பெரும்பாலான திராட்சையில் நிறம் தோலில்தான் இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் தின்னும் திராட்சையில் சர்க்கரை குறைவாக இருக்கும். ஒரு சதவீத ஆல்கஹாலுக்கு லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை வேண்டும்; அளந்து சேருங்கள். நொதித்து முடிந்த ஒயினைக் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். காற்று இருந்தால் அசிட்டோபாக்டர் வந்து வினிகராக்கிவிடும். ஊறுகாய்க்கு ஆகும், விருந்துக்கு ஆகாது.

ஜெர்மனி வாசகர்: அழுகிய முட்டை நாற்றம்! அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிடுவார்களோ?

அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. சைடரிலும் லாகர் வகைப் பியரிலும் ஈஸ்ட் சகஜமாக விடும் வாயு. பெரும்பாலும் தானே போய்விடும். ஜன்னலைத் திற, வாளியைத் திறக்காதே என்பதே விதி. பாட்டிலில் அடைத்த பியர் வெளிச்சம் பட்டு நாறினால் மட்டும் அது வேறு நோய்: ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து நாறுகிறது. பழுப்புப் பாட்டிலும் இருட்டு அலமாரியும் மருந்து.

நியூ ஜெர்ஸி வாசகர்: பெரிய மனிதர்கள் யாராவது இதைச் செய்திருக்கிறார்களா?

ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகைச் சமையலறையிலேயே, தோட்டத்துத் தேன் சேர்த்துப் பியர் செய்தார்கள். 2012 செப்டம்பரில் செய்முறையையும் வெளியிட்டார்கள். அரசு ரகசியம் ஒன்று வெளிவந்த அபூர்வ நிகழ்ச்சி.

துபாய் வாசகர்: கடைசியாக, புதியவர்களுக்கு ஒரே ஒரு அறிவுரை?

ஒன்று போதாது, நான்கு தருகிறேன். கழுவிவிட்டுக் கிருமிநீக்கியில் நனையுங்கள். அளந்து குறிப்பெழுதுங்கள். முடியும்வரை மூடியைத் திறக்காதீர்கள். குடித்தபின் வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். உங்களுக்கு மட்டும் ஐந்தாவது: இருக்கும் நாட்டின் சட்டத்தைப் படித்துவிட்டு, அதுவரை மோர் குடியுங்கள்.