பட்டுக்கு ஒரு கண், குப்பிக்கு ஒரு கண்

ஆரணியில் பட்டெடுக்க வருகிறவர்களை ஏமாற்றுவது லேசல்ல. சில்க் மார்க் அட்டை தொங்கினாலும் ஓர் இழையை உருவிக் கொளுத்தி, முடி கருகும் வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பார்கள். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று குடைவார்கள். அதே ஆசாமிகள் மூட்டுவலிக்கு, கஞ்சாச் செடியின் ஒரு வேதிப்பொருள் பெயரில் வரும் ‘சிபிடி எண்ணெய்’யைச் செல்போனில் வரவழைக்க, குப்பியில் ஒரு பச்சை இலைப் படம் போதும். (தயவுசெய்து இதைக் கொளுத்தி மோந்து பார்க்காதீர்கள். ஏட்டையாவுக்கும் மூக்கு உண்டு.)

1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாப் பூவையும் பிசினையும் தடுத்தது. விதையையும், பூ சேராத தனி இலையையும் அந்த வரையறைக்கு வெளியே விட்டது. விதை எண்ணெயை 2021இல் உணவாக அனுமதித்தார்கள். அதில் சிபிடி பேருக்குத்தான்; தாளிக்கலாம், முட்டி கேட்காது. இலைச்சாறோ ‘விஜயா’ என்ற ஆயுர்வேதப் பெயரில் வருகிறது. அதற்கு ஆயுஷ் உரிம எண் வேண்டும், மருத்துவர் சீட்டு வேண்டும், குப்பியின் பேட்ச் எண்ணோடு பொருந்தும் ஆய்வக அறிக்கையும் வேண்டும். கேட்டால் விற்பவர் அனுப்புவது பெரும்பாலும் ஒரு வாட்ஸப் ஸ்மைலி. அதையும் சான்றிதழாக எடுத்துக்கொண்டு பணம் கட்டிவிடுகிறார்கள், பேரம்கூடப் பேசாமல்.