வாந்தியில் போன மருந்து

1913-ஆம் வருடம், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம். ரோஷ் மருந்துக் கம்பெனியின் வேதியியலாளர் மார்க்குஸ் குக்கன்ஹைம், ஐரோப்பியர் சமைத்துத் தின்னும் ஃபாவா அவரையிலிருந்து ஒரு வெள்ளைத் தூளைப் பிரித்தெடுத்தார். எல்-டோபா. முயலுக்குக் கொடுத்துப் பார்த்தார். முயல் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அன்றைய விஞ்ஞானிகளுக்கு நெறிமுறைக் குழு கிடையாது, வாய் மட்டும் உண்டு. இரண்டரை கிராமை எடுத்துத் தானே விழுங்கினார். குமட்டியது. இரண்டு முறை வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, இந்தப் பொருளால் பெரிய பிரயோஜனம் ஒன்றுமில்லை என்கிற முடிவுக்கு வந்தார்.

பார்க்கின்சன் நோய்க்கு இன்றுவரை அதைவிட நல்ல மருந்து வரவில்லை. டோபா மூளைக்குப் போய்ச் சேருமுன் உடம்பின் மற்ற பாகங்களிலேயே டோபமைனாக மாறி, வாந்தியைத் தூண்டும் இடத்தைச் சீண்டிவிடும். ஆக, மருந்து வேலை செய்துகொண்டுதான் இருந்தது. ஐயாதான் அதை வாஷ்பேசினில் விட்டுவிட்டார்.

அதுவரை நோயாளிகள் கதி? லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அவர் கைவசம் இருந்தது ஆறே ஆறு பேர். அதிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்தே குறிப்பெடுத்தார். மனிதர் லேசுப்பட்டவரில்லை. ‘கிழ ஹூபர்ட்’ என்ற புனைபெயரில் அரசாங்கத்தைத் திட்டித் துண்டுப் பிரசுரம் போட்டவர். விஷ அம்பு எய்து மூன்றாம் ஜார்ஜ் மன்னரைத் தீர்த்துக்கட்டச் சதி நடந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில், மன்னரின் ஆலோசனை சபை 1794-ல் அவரைக் கூப்பிட்டுக் குடைந்தது. இத்தனை துணிச்சல்காரர் நடுக்கத்துக்குச் சொன்ன வைத்தியம், கழுத்தில் ரத்தம் இறக்குவது.

பாரிஸில் டாக்டர் ஷார்கோ கொஞ்சம் தேவலை. ஊமத்தைக்கு உறவான செடிகளின் சத்தைக் கொடுத்தார். நடுக்கம் ஓரளவு அடங்கும், கூடவே வாய் வறளும், அளவு மிஞ்சினால் புத்தியும் பேதலிக்கும். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பெல்லடோனாவின் வேரை வெள்ளை ஒயினில் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்தார் பல்கேரிய நாட்டு வைத்தியர் இவான் ராயெவ். 1930-களில் இத்தாலி ராணி எலேனாவே அதைக் கையிலெடுத்துப் பரப்பினார். ராணி கைபட்டால் கஷாயமும் சிகிச்சைதானே.

இனி நம்மூர். 1937-ல் சென்னை சேப்பாக்கம் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து அதே எல்-டோபாவைப் பிரித்தார்கள். பூனைக்காலி தெரியுமல்லவா? வேலியில் படரும் கொடி. வளைந்த காய் முழுக்கப் பழுப்பு மயிர். அது கையில் பட்டால் அன்று பூராவும் சொறிய வேண்டியதுதான். பிடிக்காத வாத்தியார் நாற்காலியில் அதைத் தூவிய மாணவர்கள் எந்தத் தலைமுறையிலும் உண்டு. மயிரைக் கடந்து உள்ளே போனால், வழவழவென்ற கொட்டையில் நூற்றுக்கு நாலைந்து பங்கு டோபா.

‘எல்லாம் நம் முன்னோர் கண்டதே’ என்று வாட்ஸப்பில் மார்தட்டும் அன்பர்கள் சற்றுப் பொறுக்கவும். முன்னோர் நடுக்குவாதத்தை அறிந்திருந்தார்கள், பூனைக்காலியையும் அறிந்திருந்தார்கள். ஆனால் நாட்டு மருந்துக் கடைக்காரர் அந்த விதையைக் குரலைத் தாழ்த்தி எடுத்துக்கொடுப்பது வேறு விஷயத்துக்கு. ஆண்மை லேகியம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தது நாமும்தான். சேப்பாக்கத்து விஞ்ஞானிகளைக் குறை சொல்ல முடியாது. மூளையில் டோபமைனுக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதே அன்று உலகில் யாருக்கும் தெரியாது.

அதைத் தெரியவைத்ததும் நம்மூர்ச் செடிதான், ஆனால் வில்லன் வேஷத்தில். பைத்தியத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுக்கப்பட்ட சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952-ல் ரெசர்பைனை எடுத்தார்கள். ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன் அதை முயல்களுக்குப் போட்டார். காது தொங்க, அசையாமல் படுத்துவிட்டன. டோபாவை ஊசியில் ஏற்றியதும் எழுந்து ஓடின. 1957-ல் இதை அவர் வெளியிட்டபோது பெரியவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். 1960-ல் லண்டன் கருத்தரங்கில் அவர் சொன்னதை யாரும் லட்சியமே செய்யவில்லை. 2000-ல் நோபல் பரிசு கொடுத்துக் கழுவாய் தேடிக்கொண்டார்கள்.

அதே 1960-ல் வியன்னாவில் ஒலே ஹோர்னிகீவிச், இறந்தவர்களின் மூளைத் துண்டுகளைக் கரைத்துச் சோதித்தார். டோபமைன் இருந்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். மற்றவர்களின் மூளை சிவந்தது, பார்க்கின்சன் நோயாளியின் மூளை ஏறக்குறைய நிறமே காட்டவில்லை. குறைபாட்டை வெறுங்கண்ணால் பார்த்துவிட்டார். டோபாவை நோயாளிக்கு ஏற்றிப் பாருங்கள் என்று டாக்டர் பிர்க்மையரிடம் போய் நின்றார். அவர் பல மாதம் இழுத்தடித்து 1961 ஜூலையில் ஊசி போட்டார். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், சில மணி நேரத்துக்கு. நோபல் பட்டியலில் ஹோர்னிகீவிச் பெயர் இல்லாததைக் கண்டு இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கண்டனக் கடிதம் எழுதினார்கள்.

அதைத் தினசரி வைத்தியமாக்கியவர் அமெரிக்காவின் ஜார்ஜ் கோட்சியாஸ். நோயாளியின் மூளையில் வெளுத்துப்போன கரும்பகுதியை மறுபடி கறுக்கவைக்கலாம் என்பது அவர் திட்டம். முதலில் கொடுத்த மருந்தில் தோல் கறுத்தது, நடுக்கம் அதிகமானது. பிறகு டோபாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, தினம் 16 கிராம் வரை கொண்டுபோனார். 1967-ல் பலன் கிடைத்தது. எண்ணியது கறுப்பு, கிடைத்தது நடை.

பின்னாளில் டோபாவோடு கார்பிடோபாவைச் சேர்த்து வாந்தியைக் கட்டினார்கள். பூனைக்காலியும் சும்மா இருக்கவில்லை. 2004-ல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் சோதித்தபோது, 30 கிராம் விதைப்பொடி மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது, கூடுதல் நேரமும் தாங்கியது. எட்டே பேர்தான், மறந்துவிடாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்து, இதைப் படித்துவிட்டு நாட்டு மருந்துக் கடைக்குக் கிளம்புகிறீர்களானால், முதலில் நரம்பியல் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். விதைக்கு விதை டோபாவின் அளவு மாறும். மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் டோஸ் எகிறி, கை நடுக்கம் நின்று உடம்பே நெளிந்து ஆட ஆரம்பிக்கும்.