மூக்குக்கு விதிவிலக்கு

கொரோனா காலத்தில் எங்கள் தெருவில் மிகப் பாதுகாப்பாக இருந்த உறுப்பு தாடைதான். எல்லோருடைய மாஸ்க்கும் அங்கேதான் குடியிருந்தது. தூரத்தில் போலீஸ் தொப்பி தெரிந்தால் வாய் வரைக்கும் ஏறும். மூக்குக்கு அந்த யோகமும் கிடையாது. மூக்குத்தண்டில் அழுத்திவிடுவதற்காக வைத்துத் தைத்த கம்பி, கீழுதட்டுக்கு அடியில் சும்மா கிடந்தது.

அம்மா ஒழுங்காகத்தான் போடுவாள். தும்மல் வந்தால் மட்டும் கழற்றிவிட்டுத் தும்முவாள். "ஏம்மா?" என்றால், "இப்பதானேடா தொவச்சுப் போட்டேன், அழுக்காயிடாதா?" என்பாள். இதற்கு எந்த நிபுணரிடமும் பதில் இருக்காது.

நிபுணர்களையும் குறை சொல்வதற்கில்லை. 2020 தொடக்கத்தில், நோயில்லாதவர்களுக்கு மாஸ்க் வேண்டாம் என்றது உலக சுகாதார நிறுவனம். மருத்துவமனைகளுக்கே தட்டுப்பாடு. ஏப்ரலில் நம் சுகாதார அமைச்சகம், வீட்டிலேயே தைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. அறிகுறியே இல்லாதவரிடமிருந்தும் தொற்றுகிறது என்று தெரியவர, ஜூனில் உலக சுகாதார நிறுவனமும் மூன்றடுக்குத் துணி மாஸ்க்குக்கு வந்து சேர்ந்தது. புதுத் தகவல் வந்தால் அறிவியல் பேச்சை மாற்றிக்கொள்ளும். எங்கள் சித்தப்பா மாற்ற மாட்டார். "வேண்டாம்" என்று கேட்ட அன்றோடு செய்தி பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

பிறகு சித்தியின் தொல்லை தாங்காமல் ஒன்று வாங்கினார். சாதாரண மாஸ்க்கா? வால்வு வைத்த என்95. உள்ளே இழுக்கும் காற்றை அது வடிகட்டித்தான் கொடுக்கும். வெளியே விடும் காற்றை வால்வு வழியாக அப்படியே ஊருக்கு அனுப்பிவிடும். வாங்குவதில் அத்தனை கறார், கொடுப்பதில் இத்தனை தாராளம். சித்தப்பாவின் கொடுக்கல் வாங்கலில் நாங்கள் நேர்மாறாகத்தான் பார்த்திருக்கிறோம். அந்த வால்வு மாஸ்க் வேண்டாமென்று ஜூலையில் மத்திய அரசே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அதற்குள் அவர் அதைச் சோப்புப் பவுடரில் ஊறவைத்து, கும்மி, வெயிலில் காயப்போட்டிருந்தார். என்95-இன் இழைகளில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம்தான் நுண்துகள்களை இழுத்துப் பிடிக்கிறது. சோப்புத் தண்ணீரில் அது போய்விடும். சொன்னேன். "வெள்ளையா இருக்கா இல்லையா, அதச் சொல்லு" என்றார்.

செப்டம்பரில் தமிழக அரசு அபராதம் அறிவித்தது: மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500. மாஸ்க்கை இறக்காமல் துப்ப முடியாதே, அப்படியானால் ஒரு தடவைக்கு 700 ஆகுமே என்று டீக்கடையில் கணக்குப் போட்டார்கள். வெற்றிலைப் பிரியரான சித்தப்பா சில நாள் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டே பேசினார்.

அந்த வருஷம் மதுரையில் ஓர் உணவகம் மாஸ்க் வடிவத்திலேயே புரோட்டா போட்டு விற்றது. விழிப்புணர்வுக்காகவாம். எனக்குத் தெரிந்து, நம் ஆட்களின் வாய்க்கு மாஸ்க் சரியாகப் போய்ச் சேர்ந்தது அந்தக் கடையில்தான். அங்கேயும் மூக்குக்குச் சால்னா வாசனை மட்டும்தான்.