காணாமல் போன காட்சிகள்

துப்பறியும் நாவலை எப்படிப் படமாக்க வேண்டும் என்பதை 2017இல் வந்த ‘தி ஸ்னோமேன்’ உலகுக்கே கற்றுத்தந்தது. நார்வே எழுத்தாளர் யூ நெஸ்போவின் புகழ்பெற்ற நாவல். நாயகன் மைக்கேல் ஃபாஸ்பெண்டர். நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் மார்ட்டின் ஸ்கார்செஸி. திரைக்கதையில் 10 முதல் 15 சதவீதம் வரை படமாக்கப்படவே இல்லை என்று இயக்குநர் தாமஸ் ஆல்ஃபிரட்சனே சொன்னார்.

என்ன ஒரு தொலைநோக்கு! மற்ற படங்களில் ஆட்கள்தான் காணாமல் போவார்கள். இதில் காட்சிகளே போய்விட்டன. கொலைகாரனைத் தேடுவது பழைய பாணி. கதையைத் தேடுவதுதான் புதுப் பாணி. டிக்கெட் எடுத்த ஒவ்வொருவருக்கும் துப்பறியும் வேலை, சம்பளம்தான் இல்லை.

இந்த நல்ல மரபை வளர்க்க வேண்டும். அடுத்த நாவலில் பாதியை எடுக்காமல் விடலாம், அதற்கடுத்ததில் முக்கால்வாசியை. முழுவதையும் விட்டுவிட்டால் இன்னும் உத்தமம்: தயாரிப்பாளருக்குப் பணம் மிச்சம், விமர்சகருக்கு ஓய்வு, நாவலுக்கு ஒரு கீறலும் விழாது.

அப்படி ஒரு ஷாட்கூட எடுக்காத, குறையே இல்லாத பதிப்பு 2007 முதல் புத்தகக் கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. தவறாமல் பாருங்கள்.