ஊர்ப் பேரை முழுங்குன கோடு

ஏலே மக்கா, லேப்டாப்பைத் தொறந்து வச்சுக்கிட்டு என்னலே முழிக்கிற? 'ஃபைல் நாட் ஃபவுண்ட்'னு வையுதா? பைத்தான் நல்ல பிள்ளைலே. நீ சொன்ன வழிக்குத்தான் போயிருக்கு.

போல்டருக்கு டூட்டிகோரின்னு ஊர்ப் பேரு வச்சிருக்க. சந்தோசம். அதுக்கு முன்னால எதுக்குலே அந்த பேக்ஸ்லாஷ்? பேக்ஸ்லாஷும் சின்ன 'டி'யும் ஒட்டிக்கிட்டா பைத்தானுக்கு அது டேப்பு, வெறும் இடைவெளி. மொத எழுத்து போச்சா, மிச்சம் ஊட்டிகோரின். கடக்கரை ஊரை மலைக்கு ஏத்திட்டியே! விண்டோஸ்லயும் நேர் ஸ்லாஷே போதும். 2014-ல வந்த பைத்தான் 3.4-லயே பாத்லிப்னு ஒரு மாட்யூலு இருக்கு. கோடு போடுத வேலைய அதுகிட்ட விடு.

அடுத்த கூத்தக் கேளு. ஒரு வரியில பெரிய 'டி', இன்னொரு வரியில சின்ன 'டி'. விண்டோஸ் கண்டுக்கிடாது. லினக்ஸ் சர்வர் விடுமா? அதுக்கு ரெண்டும் ரெண்டு ஊரு. நம்ம ஊர்ப் பேரை இங்கிலீஷ்ல எப்படி எழுதணும்னு 2020-ல கவர்மெண்டே ஆணை போட்டுட்டுச் சில நாள்ல வாபஸ் வாங்கிட்டு. அவியளே தடுமாறுதாவ, நீ எந்த மூலைக்கு? ஒரு எழுத்தைப் பிடி. மாத்தாத.

சி டிரைவுல தொடங்கி, உம் பேரு, டெஸ்க்டாப்புன்னு முழு ஜாதகமும் எழுதியிருக்கியே, அடுத்தவன் கம்ப்யூட்டர்ல உம் பேர்ல போல்டர் எவன்லே வச்சிருக்கான்?

பாதி வழி மட்டும் எழுதினா தப்பிச்சிரலாம்னு பாக்கியா? அது ஸ்கிரிப்ட் இருக்குத இடத்துல தேடாது. நீ எங்க நின்னு ஓட்டுதியோ அங்கதான் தேடும். 1961 வரைக்கும் இங்க முத்துக் குளிச்சாவளே, வள்ளத்தை நம்பியா முத்துப் பாரைத் தேடுனாவ? வள்ளம் நீரோட்டத்துல நகந்துரும்லா. கரையில அசையாத அடையாளம் வேணும். உனக்கு அசையாதது அந்த ஸ்கிரிப்டுதான். 'ஃபைல்'னு முன்னும் பின்னும் ரெட்டை அடிக்கோடு போட்ட பேரைப் பாத்லிப்கிட்ட குடு. 'ரிசால்வ்' பண்ணச் சொல்லு. 'பேரண்ட்' எதுன்னு கேளு. மத்த போல்டரை எல்லாம் அங்க இருந்து எண்ணிக்க.

ஏஐ படிக்கணும், கிளவுடு படிக்கணும்னு குதிக்க. ஃபைல் எங்க கெடக்குன்னு மட்டும் தெரியாது! போறதுக்கு முன்னால இன்னொண்ணு. போல்டர் உண்டாக்க 'மேக்டிர்' எழுதும்போது 'எக்ஸிஸ்ட் ஓகே'யையும் சேத்துக்க. இல்லன்னா, போல்டர் ஏற்கெனவே இருக்குன்னு அது நாளைக்கு வையும். இல்லன்னாலும் அழுவ, இருந்தாலும் அழுவ. பைத்தான் என்னலே செய்யும்?