மார்கழி வள்ளல்

விடியற்புறத்தில் திருவெம்பாவைச் சங்கு கேட்கத் தொடங்கும் நாட்களில் ஊருக்குள் ஒரு வாடகை ஹயஸ் வான் நுழையும். செம்மண் வெள்ளத்துக்குள் புதுச் சப்பாத்தோடு இறங்குகிறவர்தான் நம்முடைய மார்கழி வள்ளல். அரைக் காற்சட்டை, கையில் தண்ணீர்ப் போத்தல். கிணற்றைக் கண்டால், "எங்கட ஊர்த் தண்ணி மாதிரி உலகத்தில எங்கையும் இல்லை" என்று உருகுவார். குடிப்பது போத்தலில்.

ஆள் பரம சைவம். ஆனால் கனடாவில், ஸ்காபறோவில் அவருக்கு இரண்டு கிழமை லீவு கிடைப்பது யேசுபாலன் பிறந்த புண்ணியத்தில். வேலையிடத்து வெள்ளைக்காரர் ஒருவர் நத்தாருக்கு நத்தார் கென்யாவுக்குப் போய், கிராமத்துப் பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ற் அடித்து, பிள்ளைகளோடு படமும் எடுத்து வந்து காட்டுவாராம். "அந்தாளே ஆற்றையோ பிள்ளையளுக்குச் செய்யுது. எனக்கு நான் படிச்ச பள்ளிக்கூடம் கிடக்கு" என்று நம்மவருக்கு ரோசம் வந்தது அங்கேதான்.

ஒரேயொரு சிக்கல். அவருக்கு லீவு விடுகிறபோது பள்ளிக்கூடத்துக்கும் லீவு. அதற்கென்ன, அதிபர் வீடு வீடாகப் போன் அடிப்பார். தோய்த்து மடித்து வைத்த வெள்ளைச் சீருடையை மறுபடி மாட்டிக்கொண்டு, குடை பிடித்தபடி பிள்ளைகள் வந்து சேர்வார்கள். பாடப்புத்தகத்தை 1980இலேயே அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. சீருடைத் துணியை 1993இல். ஆகவே வள்ளலுக்கு மிஞ்சியது கொப்பியும் புத்தகப் பையும். என்ன தேவை என்று கேட்டால் அதிபர் மலசலகூடத்துக்குத் தண்ணீர்த் தாங்கி என்பார். தாங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டா படம் எடுப்பது?

1816இல் இங்கே யாழ்ப்பாணத்தில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனாரிமாரின் விடுதிப் பள்ளிகளில், கடல் கடந்து காசு அனுப்பிய உபகாரியின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. அதோடு பார்த்தால் நம்மவர் அடக்கமானவர். பையில் மட்டும்தான் பெயர் அடித்திருக்கிறார். கொஞ்சம் பெரிதாக.

நான் பார்த்த வைபவத்தில் முதலில் வந்தது நாலாம் வகுப்புப் பிள்ளையொன்று. ஒரு வார் அவளுடைய கையில், மற்ற வார் வள்ளலின் கையில். அவர் விடுகிற மாதிரி இல்லை. படம் எடுக்க வந்த மருமகனின் போன் நிரம்பிப்போய், அவன் எதையோ அழித்துக்கொண்டு நிற்கிறான். பிள்ளைக்கு இந்த மாதத்தில் இது மூன்றாவது பை. "மாமா, பேர் அங்கால பக்கம் போட்டுது. திருப்பிப் பிடியுங்கோ" என்றாள்.

பிறகு பேச்சு. பனிக்குள் நின்று உழைத்த காசு என்றார். அது பொய்யில்லை, பகல் ஒரு வேலை, இரவு ஒரு வேலை என்று செய்து சேர்த்ததுதான். பேச்சு முடிந்து எல்லோரும் வடைக்குப் போன நேரம் ஆளைக் காணவில்லை. பழைய மூன்றாம் வகுப்பின் மூலையில், தான் முட்டுக்காலில் நின்ற இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுவரைத் தடவினார். மருமகனைக் கூப்பிடவில்லை.

வான் வெளிக்கிட்டதும் பெடியள் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்கள்.

"அடுக்காதேங்கோ," என்றார் அதிபர். "பின்னேரம் சுவிஸ் வருது."